முழங்காலுக்குக் கீழே

எல்லோரும் பேச்சை நிறுத்துங்கள் என்று அதட்டிவிட்டு ரிமோட்டை அழுத்தினேன்.

சம்பந்தி ஆகப்போகிறவர் டீ கப்பைக் கீழே வைத்தார். ஆடிப் பிழைக்கிறவனுக்கா பெண்ணைக் கொடுப்பது என்று இத்தனை நாளாக இழுத்தடித்த மனிதர். இன்று தானாக வீடு தேடி வந்திருக்கிறார் என்றால், எல்லாம் அந்த ஆரஞ்சு ஷூ செய்த வேலை.

கடை திறப்பதற்கு முன்பே பிள்ளைகள் வரிசையில் போய் நிற்கிற ஷூ. அதன் விளம்பரம் இன்று காலைதான் வெளிவந்தது. சம்பந்தி வரட்டும், சேர்ந்தே பார்க்கலாம் என்று பிடிவாதமாக இருந்தேன்.

முகம் பெரிய ஹீரோவுடையது. முழங்காலுக்குக் கீழே என் மகன். இதைத் தெரு முழுக்கச் சொல்லித் தீர்த்துவிட்டேன், காய்கறிக்காரரைக்கூட விடவில்லை.

டிவியில் கால்கள் ஓடின. மொட்டைமாடியின் விளிம்புக்கு வந்தன. வலது காலை ஊன்றி எழும்பின.

எனக்குச் சுருக்கென்றது.

என் மகன் இடது காலை ஊன்றித்தான் குதிப்பான். சோபா, கட்டில், படிக்கட்டு என்று அவன் குதித்ததையெல்லாம் பார்த்துப் பார்த்து வளர்த்தவள் நான். எனக்குத் தெரியாதா?

வலது காலை ஊன்றுகிறவன் அவர்கள் நடனக் குழுவிலேயே ஒருத்தன்தான். ஸ்பிரிங் என்று கூப்பிடுவார்கள். எங்கள் ஹாலில் ஒத்திகை பார்க்கும்போது, ஃபேனில் தலையை இடித்துக்கொள்ளாதேடா என்று அவனைப் பார்த்துத்தான் கத்துவேன்.

இதோ, மூலை நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். காலில் மாவுக்கட்டு, பக்கத்தில் ஊன்றுகோல். பைக்கிலிருந்து விழுந்துவிட்டானாம், இனிமேல் ஆட முடியாதாம். விழுந்தது படப்பிடிப்பு நடந்த அன்றைக்கு.

மகனைப் பார்த்தேன். புது ஷூவைப் போட்டுக்கொண்டு தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று காலை வாசலில் அவன் கையைப் பிடித்துக்கொண்டு நான்தான் சொன்னேன். மாடிவிட்டு மாடி குதிக்கிற வேலையெல்லாம் உனக்கு வேண்டாம், வேறு யாரையாவது குதிக்கச் சொல் என்று. என் தலையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டுத்தான் போனான். என் பேச்சைத் தட்டாத பிள்ளை.

அந்த வேறு யாரோ ஒருவனுக்கும் ஓர் அம்மா இருப்பாள் என்று பாவி எனக்குத் தோன்றவே இல்லை.

“இன்னொரு தடவை போடுங்கம்மா,” என்றான் ஸ்பிரிங். “அவன் எழும்புறது எவ்வளவு அழகா இருக்கு பாருங்க.”

மறுபடி அழுத்தினேன்.

கால்கள் அந்தரத்தில் இருக்கும்போதே ஹீரோவின் சிரித்த முகம் வந்துவிட்டது. கீழே இறங்குவதைக் காட்டவில்லையே, அடிகிடி பட்டுவிட்டதா என்று கேட்டார் சம்பந்தி. மாப்பிள்ளைமேல் அதற்குள் அவ்வளவு அக்கறை.

மகன் நிமிர்ந்து வாயைத் திறந்தான். சொல்லிவிடப் போகிறான் என்று தெரிந்தது.

நான் முந்திக்கொண்டேன்.

“அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க. என் பிள்ளை பத்திரமா இறங்கிட்டான்.”

ஆமாம் என்று ஸ்பிரிங்கும் தலையாட்டினான்.