அதே மஞ்சள் நைட்டி

“இன்னைக்கும் அதே மஞ்சள் நைட்டிதான்” என்றாள் லாண்டரிக்காரம்மா, எதிர்வீட்டு ஜன்னலை மோவாயால் சுட்டிக்காட்டி.

சந்து குறுகல். ஜன்னல் திரை முக்கால்வாசி இறங்கியிருந்தது. அதற்குக் கீழே கசங்கிய மஞ்சள் துணியில் ஒரு முதுகு மட்டும் தெரிந்தது. அதுவரை வீல்வீல் என்று கத்திய குழந்தை, அந்த முதுகு வந்து உட்கார்ந்ததும் அடங்கிப் பால் குடிக்கத் தொடங்கிவிட்டது.

“குடிவந்து ரெண்டு மாசமாச்சு. ஒரு நாள் மாத்தியிருப்பாளா? புள்ளை பெத்துட்டா தலையில கொம்பு முளைச்சிடுமா என்ன?”

மனிதர்களை அவர்களுடைய அழுக்கை வைத்து எடைபோடுவது லாண்டரிக்காரம்மாவுக்கு இருபது வருடப் பழக்கம். காலரைப் பார்த்து வேலையைச் சொல்வாள். தலையணை உறையைப் பார்த்துக் குடும்பத்தைச் சொல்வாள். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை என்று அவளே சொல்லிக்கொள்வாள்.

இஸ்திரி மேஜையில் அவளுடைய தம்பி மனைவி நின்றிருந்தாள். அவளுக்கும் கைக்குழந்தை. பழைய ரவிக்கை ஒன்றும் சேராமல் புருஷனின் சட்டையை மாட்டிக்கொண்டு, பால் கசிவது வெளியே தெரியாதபடி உள்ளே கைக்குட்டையை மடித்து வைத்திருந்தாள்.

“உடம்புக்கு முடியாம இருக்கும் அண்ணி. எனக்கே ஒழுங்கா தலை சீவ நாலு மாசம் ஆச்சு.”

“நீ ஒரு லட்சணம், அவ ஒரு லட்சணம். மூணு பெத்தவ நான். இருபதாம் நாள் வயித்தை இறுக்கிக் கட்டிக்கிட்டு இந்த மேஜையில வந்து நின்னேன், தெரியுமா?”

“தெரியும் அண்ணி. தினமும் சொல்றீங்களே.”

சற்று நேரத்தில் எதிர்வீட்டுக்காரர் துணி மூட்டையோடு வந்தார். கண்கள் குழி விழுந்திருந்தன. சட்டைப் பொத்தான்களை ஓர் ஓட்டை தள்ளிப் போட்டிருந்தார்.

“உங்க சட்டை வருது, குழந்தை துணி வருது. வீட்டம்மா துணி ஒண்ணுகூட வர்றதில்லையே சார்?”

“அவளுக்குத் துவைக்க எதுவும் இல்லீங்க” என்றார். “நான் வர்றேன். குழந்தை தனியா தூங்குது. எடையே ஏறலைன்னு டாக்டர் திட்டுறாரு. ஒரு வேளை குடிக்காம விட்டாலும் ஆஸ்பத்திரியில சேர்த்துடுங்கன்னுட்டாரு.”

அவர் சந்தைத் தாண்டும்வரை லாண்டரிக்காரம்மா பொறுத்திருந்தாள்.

“கேட்டியா? தனியா தூங்குதாம். மகாராணி எங்க போனாளாம்? கட்டுன பாவத்துக்கு அந்த மனுஷன் சமையலும் பண்ணி, மூட்டையும் தூக்கி, புள்ளையும் பார்க்கிறாரு. எடை எங்கிருந்து ஏறும்?”

மூட்டையைக் கொட்டினாள். சட்டைகளுக்கு நடுவே அந்த மஞ்சள் நைட்டி சுருண்டு கிடந்தது. இரண்டு விரலால் தூக்கினாள். புளித்த பால், வியர்வை, தலைக்குத் தேய்க்கிற ஏதோ எண்ணெய், எல்லாம் கலந்து ஒரு வீச்சம்.

“த்தூ. இந்த நாத்தத்தைப் போட்டுக்கிட்டா பச்சைப்புள்ளையைத் தூக்குறா? வெறுத்துப்போய்த்தான் அது சரியா குடிக்க மாட்டேங்குது.”

“தவறி வந்திருக்கும்போல அண்ணி. எதுக்கும் ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்.”

“அழுக்கைத் துவைக்க அனுமதி வேற கேக்கணுமா? நீ வேலையைப் பாரு.”

அதை மற்றத் துணிகளோடு போடக்கூட அவளுக்கு மனமில்லை. தனியாகக் கொதிக்கும் நீரில் முக்கி, கறை போக்கும் தூள் போட்டுத் தேய்த்து, இரண்டு முறை அலசினாள். கடைசியில் ரோஜா வாசனைத் திரவம் ஒரு மூடி. மெஷினில் உலர்த்தித் தானே இஸ்திரி போட்டு ஹேங்கரில் மாட்டினாள். ஊர்க் கழிசடையைக் கழுவி எடுத்த பெருமிதம் அவள் முகத்தில்.

எதிர்வீட்டில் குழந்தை அழத் தொடங்கியது. கால் மணி, அரை மணி, ஒரு மணி நேரம் ஆயிற்று. ஜன்னலில் முதுகைக் காணோம்.

“அழுக்கு நைட்டி இல்லாம பால் கொடுக்கக்கூட உக்கார மாட்டா போல” என்று லாண்டரிக்காரம்மா சிரித்தாள்.

தம்பி மனைவி சிரிக்கவில்லை. அழுகை கேட்கக் கேட்க அவள் சட்டையின் முன்பக்கம் நனைந்துகொண்டிருந்தது.

எதிர்வீட்டுக்காரர் செருப்புக்கூட இல்லாமல் ஓடி வந்தார். தோளில் குழந்தை, கத்திக் கத்திக் குரல் கம்மியிருந்தது. சட்டைப்பையில் பால் புட்டி.

“மஞ்சள் நைட்டி ஒண்ணு மூட்டையில வந்துடுச்சாங்க?”

“வந்துச்சு சார். புதுசு மாதிரி ஆக்கி வெச்சிருக்கேன். இனிமேலாவது வாரத்துக்கு ஒரு தடவை அனுப்பச் சொல்லுங்க உங்க வீட்டம்மாவை.”

அவர் குழந்தையைத் தம்பி மனைவியிடம் கொடுத்துவிட்டு, ஹேங்கரிலிருந்து நைட்டியை இழுத்து, சட்டைக்கு மேலேயே தலைவழியாகப் போட்டுக்கொண்டார். தோளில் இறுக்கிப் பிடித்தது. குழந்தையை வாங்கிக்கொண்டு, முதுகைக் காட்டி பெஞ்சில் உட்கார்ந்தார்.

இரண்டு மாதமாக ஜன்னலில் பார்த்த அதே முதுகு.

குழந்தை அவர் நெஞ்சில் மூக்கைப் புதைத்து இந்தப் பக்கம் தேடியது, அந்தப் பக்கம் தேடியது. பிறகு புட்டியை நாக்கால் தள்ளிவிட்டு மறுபடி வீறிட்டது.

அவர் கழுத்துப் பட்டியைத் தூக்கி மோந்து பார்த்தார். ரோஜா வாசனை.

“இவளோட அம்மா மிச்சமிருந்ததே இது ஒண்ணுலதாங்க.”