ஷெட்டில் கிடக்கும் கார்

"இடிச்சது எங்க காரே இல்ல. அது ஒரு வருஷமா எஞ்சின் இல்லாம ஷெட்டுல கிடக்குது" என்று சாதித்த கார்க்காரரின் வக்கீல், அடுத்து ஒரு வீடியோவை ஓடவிட்டார். கால் முறிந்ததற்கு நஷ்டஈடு கேட்ட தையல்காரி, அதில் கடைத்தெருவில் பையோடு நடந்துகொண்டிருந்தாள்.

"போன வாரம் ஓனரே பின்னாடி போய் எடுத்தாரு. நல்லாத்தானேம்மா நடக்கறீங்க?"

"பின்ன? எனக்குக் காய்கறி நீங்களா வாங்கிட்டு வருவீங்க?"

கால் விண்விண்ணென்று தெறித்தது. இருந்தும் கூண்டில் நிமிர்ந்தே நின்றாள்.

"ஐயா, அதை இன்னொரு தடவை போடச் சொல்லுங்க."

வக்கீல் குஷியாகப் போட்டார்.

"அங்கேயே நிறுத்துங்க. கடைக் கண்ணாடியில தெரியுதே ஒரு கார், அதோட நம்பரைப் படிங்க ஐயா."

நீதிபதி படித்தார். ஷெட்டில் கிடப்பதாகச் சொன்ன அதே காரின் நம்பர்.

"எஞ்சின் இல்லாத வண்டி, என் பின்னாலயே எப்படி ஊர்ந்து வருது பாருங்க!"