சித்தார்த்துக்கு முப்பது

"எம்புள்ள உசுரோட இருக்கான்டா இளவரசு! எந்தக் கையாலடா இத அடிச்ச?"

"கத்தாதீங்கக்கா. பாஸ்டர் உள்ள ஜெபத்துல இருக்காரு."

"இருக்கட்டும். அவருக்கும் கேக்கட்டும்."

ஆலயத்தை ஒட்டிய அறையில் என் மனைவி பிரிசில்லா சபைச் செயலாளர் இளவரசுவோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். நான் வெளியே, செருப்புகள் கிடந்த படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

உள்ளே போகவில்லை.

திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு ஒரு தாள் கொடுப்பார்கள். முன்பக்கம், அந்த மாதம் பிறந்தநாளும் திருமண நாளும் காண்கிறவர்களின் பெயர்கள். பின்பக்கம், அதே மாதத்தில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தவர்களின் பெயர்களும் அவர்கள் இறந்த தேதிகளும்.

முன்பக்கத்தில் பெயர் உள்ளவர்கள் காணிக்கைக் கவரோடு பீடத்தின் முன்னால் போய் முழங்கால் போடுவார்கள். போதகர் தலையில் கை வைத்து ஜெபிப்பார்.

எங்கள் மகன் சித்தார்த் வீட்டை விட்டுப் போய் எட்டு வருடம் ஆகிறது. எங்கே இருக்கிறான் என்று பிரிசில்லாவுக்குத் தெரியாது. ஒவ்வொரு வருடமும் அவனுக்குப் பதிலாக அவன் அம்மா போய் முழங்கால் போடுவாள். மத்தியானம் சொந்தக்காரர்களைக் கூப்பிட்டு பிரியாணி போடுவாள். அவன் பெயர் எழுதிய கேக்கை அவளே வெட்டுவாள்.

இந்த வருடம் அவனுக்கு முப்பது.

தாளில் அவன் பெயர் பின்பக்கம் இருந்தது.

"தேதியும் போட்டுருக்குதேக்கா. தேதிய நானாவா கண்டுபுடிச்சேன்?"

"அது அவன் பொறந்த தேதிடா, அறிவுகெட்டவனே!"

சிதம்பரத்திலிருந்து விருந்துக்கு வந்திருந்த அவள் தம்பி அன்புமணி, தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றான். "எப்ப மாமா ஆச்சு? எங்ககிட்டகூட ஒரு வார்த்த சொல்லல?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அறைக்குள் இளவரசு அலமாரியைத் திறந்தான். ஜனவரியில் ஒவ்வொரு குடும்பமும் எழுதிக் கொடுக்கும் படிவங்களை ஒரு கட்டாக வைத்திருப்பான். அதில் எங்களுடையதைத் தேடி உருவிப் பார்த்தான்.

பிறகு ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தான்.

படிவத்தை மறுபடியும் கட்டுக்குள் செருகினான்.

"என் தப்புதான்க்கா. மாத்தி அடிச்சிட்டேன். மன்னிச்சிக்குங்க."

"மன்னிப்பெல்லாம் அப்பறம். பாஸ்டர மைக்குல சொல்லச் சொல்லு. வந்தவங்க அத்தன பேரு காதுலயும் உழணும்."

அப்படியே ஆராதனையில் போதகர் சொன்னார். தாளில் ஒரு பிழை நேர்ந்துவிட்டது, சகோதரர் சித்தார்த் ஜீவனோடிருக்கிறார், கர்த்தர் அவரை எங்கேயோ பத்திரமாகக் காத்து நடத்துகிறார் என்று விசுவாசிக்கிறோம் என்றார்.

சபையார் எல்லாரும் ஆமென் என்றார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இந்த அம்மாவுக்கு இருக்கிற விசுவாசம் நமக்கு வராது என்று பின்னால் யாரோ சொன்னது கேட்டது.

பிரிசில்லா பீடத்தின் முன்னால் முழங்கால் போட்டுவிட்டு, திரும்பி என்னைத் தேடினாள். வா என்று தலையை ஆட்டினாள். நானும் போய் அவள் பக்கத்தில் முழங்கால் போட்டேன். போதகரின் ஒரு கை அவள் தலையில் இருந்தது. இன்னொரு கை என் தலையில்.

அங்கே இருந்தவர்களில் விசுவாசிக்க வேண்டிய அவசியமே இல்லாதவன் நான் ஒருவன்தான்.

போன டிசம்பரில் புவனகிரி பஸ் ஸ்டாப்பில் அவனைப் பார்த்தேன். வண்டியில் அவன் முன்னால் மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்று உட்கார்ந்திருந்தது. பிரிசில்லாவின் நெற்றி அதற்கு. என்னைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தினான். இன்ஜினை அணைக்கவில்லை.

"நல்லாருக்கேன்பா. அம்மாகிட்ட சொல்லாதீங்க. சத்யாவ வாசல்ல நிக்க வெச்சி அன்னிக்கி என்னா சொன்னாங்க? எம்புள்ள செத்துட்டான்னு நெனச்சிக்கறேன்னாங்கல்ல? அப்டியே நெனச்சிக்கட்டும்."

சத்யப்பிரியா அவன் கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட பெண். வேறு சாதி, வேறு மதம். அவனுடைய இருபத்திரண்டாவது பிறந்தநாள் ஜெபத்துக்கு, சொந்தக்காரர்கள் எல்லாரும் கூடியிருந்த நேரத்தில் கூட்டி வந்தான். பிரிசில்லா அவ்வளவு பேர் முன்னால் அப்படித்தான் சொன்னாள். நானும் அங்கேதான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

குழந்தையின் பெயரைக் கேட்பதற்குள் போய்விட்டான்.

ஜனவரியில் அந்தப் படிவத்தை எழுதிக் கொடுத்தது நான். ஒரேயடியாக அழுது முடித்துவிட்டால் வருடா வருடம் அவள் காத்துக்கொண்டிருக்க வேண்டாமே என்று நினைத்தேன். நித்திரையடைந்தவர்கள் என்று இருந்த இடத்தில் அவன் பெயரை எழுதினேன். பக்கத்தில் தேதி கேட்டிருந்தார்கள். அவனைப் பற்றி எனக்குத் தெரிந்த ஒரே தேதியைப் போட்டேன்.

தாளைப் பார்த்ததும் என்னிடம்தான் கேட்பாள், அப்படி ஒரு செய்தி வந்தது என்று சொல்லிவிடலாம் என்றிருந்தேன். அவள் என்னிடம் கேட்கவே இல்லை. நேராக இளவரசுவிடம் போய்விட்டாள்.

இப்போது வீடு நிறைய ஆட்கள். கூடத்தில் பந்தி நடக்கிறது. நான் மாடியில் உட்கார்ந்து போனில் இந்தக் குழுவுக்கு இதை எழுதுகிறேன்.

சொன்னால், இன்றைக்கே புவனகிரிக்கு பஸ் ஏறிவிடுவாள். தெருத்தெருவாக விசாரித்துக் கண்டுபிடித்தும் விடுவாள். அவன் கதவைத் திறக்க மாட்டான். அதை அவள் தாங்க மாட்டாள். சொல்லாவிட்டால் அடுத்த வருடமும் முழங்கால் போடுவாள். அதற்கு அடுத்த வருடமும்.

பிரிசில்லா இங்கே வந்து எதையும் படிப்பதில்லை. பிள்ளை பெற்றவர்கள் யாராவது எனக்கு ஒன்று சொல்லுங்கள். சொல்லட்டுமா, விட்டுவிடட்டுமா? தயவுசெய்து கீழே பதில் எழுதுங்கள்.