மூன்று அடையாளங்கள்

கேட்டின் கொண்டியைப் பிடிக்க நீட்டிய எஸ்றாவின் கை, ஒரு சாண் தள்ளிக் காற்றைத் தடவியது. பிறகு கேட்டின் மேலேயே சாய்ந்துவிட்டான்.

அவன் வருகைக்காகவே வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த தேவபிரசாதம் வாத்தியார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். வெயில் இன்னும் இறங்கவில்லை.

"ஞானபாய், இங்க வா. ஒம் பிள்ள வார அழகப் பாரு."

வாத்தியாருக்குப் பூர்வீகம் நாசரேத். மதுவைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவும் கிடையாது, குடித்தவன் ஒருவனைக்கூடக் கிட்டத்தில் பார்த்ததில்லை என்பதைத் தவிர. சண்டே ஸ்கூலில் வருஷம் தவறாமல் மதுவிலக்குப் பாடம் எடுப்பார். கண் சொருகும், நாக்கு குழறும், கால் பின்னும். குடிகாரனுக்கு இந்த மூன்றும் அடையாளம் என்று பிள்ளைகளை ராகம் போட்டுச் சொல்ல வைப்பார்.

அப்பேர்ப்பட்டவரிடம் போய், காலேஜில் கடைசி வருஷம் படிக்கும் மகன் முந்தின நாள் உத்தரவு கேட்டிருந்தான். சர்க்காரே மதுக்கடைகளைத் திறந்துவிட்டிருந்த சமயம் அது.

"விக்டர் ஒரு பீர் வாங்கி வச்சிருக்கான்ப்பா. ரெண்டு பேருக்கும் அந்த ஒத்தப் பாட்டில்தான். ஒளிச்சுக் குடிக்க மனசு வரல, அதான் கேக்கேன்."

ஒளிக்காமல் கேட்டானே என்பதற்காகத்தான் வாத்தியார் சரி என்றார். ஆனால் சும்மா விடவில்லை.

"வயித்துக்குச் சாப்பிட்டுட்டுப் போ. ஒரு கிளாஸ், அதுக்கு மேல தொடப்படாது. பொழுதடையும் முன்ன ஒங் கால்ல நேரா நடந்து வந்து சேரணும். தள்ளாடிட்டு வந்தேன்னு வை, அன்னைக்கோட காலேஜ் முடிஞ்சுது. ஏரல்ல மாமா கடையில பருப்பு நிறுக்கப் போயிர வேண்டியதுதான்."

இப்போது எஸ்றா தள்ளாடிக்கொண்டுதான் வந்தான். இமைகள் பாதிக்கு மேல் திறக்கவில்லை. கால்களை மரக்கட்டை மாதிரி தூக்கித் தூக்கி வைத்தான்.

"முள்ளு... கால்ல..." என்றான். அதற்கு மேல் நாக்கு புரளவில்லை.

"கண்ணு, நாக்கு, காலு. மூணும் இருக்கு," என்றார் வாத்தியார். இத்தனை வருஷம் வாயால் சொன்ன பாடத்தை இன்றைக்குத்தான் கண்ணால் பார்க்கிறார். அது தன் வீட்டிலேயே வந்து நின்றதில் மனிதருக்கு நெஞ்சு எரிந்தது.

ஞானபாய் மகனின் முகத்தருகே போய் மோந்து பார்த்தாள். "ஏங்க, வாடையே அடிக்கலியே."

"கொய்யா எலய மென்னுட்டு வந்திருப்பான். எல்லாப் பயலுவளும் பண்ணுத வேலதான். எங்க, ஊதுல."

எஸ்றாவின் தாடை இறுகிக் கிடந்தது.

"பாத்தியா, வாயத் தொறக்க மாட்டேங்கான். அம்புட்டு அழுத்தம்."

"கணுக்கால்ல ரத்தப் பொட்டு இருக்குங்க."

"எங்கனயாவது விழுந்து எந்திரிச்சு வந்திருப்பான். விடு கைய."

அவள் கையை விலக்கிவிட்டு, மகனைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போனார். தலையில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார். பிறகு கிணற்றைச் சுற்றி நடக்கச் சொன்னார். அவன் விழுந்தான். தூக்கி நிறுத்தி மறுபடியும் நடக்கவைத்தார்.

"நட. போதை எறங்குத வரைக்கும் நட. ஒத்தப் பாட்டில்தான்னு எம் மூஞ்சிக்கு நேரா சொன்னியே, ராஸ்கல்."

நாலாவது தரம் விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. அம்மாவின் சேலை முந்தானையை மட்டும் பிடித்துக்கொண்டான்.

"பயமாருக்குங்க. டாக்டர்ட்ட காட்டிருவோம்."

"காட்டி? தேவபிரசாதம் வாத்தியார் மவன் குடிச்சிட்டுக் கெடக்கான்னு ஊருக்கெல்லாம் நாமளே தண்டோரா போடவா?"

அறைக்குள் கொண்டுபோய்க் கிடத்தி, வெளியே பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து கரகரவென்று மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது.

"கொறட்டயக் கேட்டியா? எறங்குது." வாத்தியார் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். "திங்கக்கிழம காலேஜுக்குப் போயி டி.சி.ய வாங்கிட்டு வந்திருதேன். சொன்ன சொல்லு சொல்லுதான்."

ஞானபாய் கதவோரமே உட்கார்ந்து அழுதாள். சற்றுப் பொறுத்துக் குறட்டை நின்றது.

"அசந்து தூங்கிட்டான்," என்றார் வாத்தியார்.

அப்போதுதான் விக்டரின் சைக்கிள் கேட்டில் வந்து மோதியது. தொடை வரைக்கும் கடல் ஈரம். கையில் மஞ்சள் பை. "சார், எஸ்றா எங்க?"

"அங்கனயே நில்லுல. எம் பிள்ளயக் கெடுத்துட்டு, மிச்சத்தயும் ஊத்திக்குடுக்க வந்துட்டியோ?" வாத்தியார் பையைப் பிடுங்கிப் பாட்டிலை வெளியே எடுத்தார்.

கழுத்து வரை நிறைந்திருந்தது. மூடியில் ஒரு நெளிவுகூட இல்லை.

"அவன் திரும்பி வந்தப்புறம் தொறக்கலாம்னு கடக்கரை மண்ணுல பொதச்சு வச்சிருந்தேன் சார்," விக்டருக்கு மூச்சு வாங்கியது. "மீன்காரங்க கரவலை இழுக்க நாங்களும் கை குடுத்தோம். அப்பம் கால்ல மீன் முள்ளு குத்திட்டுன்னு சொல்லி, வீட்ல மருந்து போட்டுட்டு வாரேன்னு கெளம்புனான். இப்பத்தான் வலைய ஒதறுனாங்க."

வாத்தியாரின் கை சட்டைப் பைக்குப் போனது. ஞானபாய் அதற்குள் கதவை இரண்டு கையாலும் தட்டிக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை.

"அவனுக்குக் குத்துனது முள்ளு இல்ல சார், கடல் பாம்பு."