மேல்வரிசை அச்சு

"வாயத் தொறம்மா," என்றேன்.

என் தங்கை சுகிர்தா திறந்தாள். இளஞ்சிவப்புப் பசை நிரப்பிய தட்டை மேல்வரிசைப் பல்லில் வைத்து அழுத்திப் பிடித்தேன். பசை இறுக மூன்று நிமிஷம் ஆகும். அதுவரை பேசக் கூடாது, விழுங்கக் கூடாது, மூக்கால்தான் மூச்சு விட வேண்டும்.

கண்டி டவுனில் பல் கட்டும் கூடமொன்றில் இருபது வருஷமாக இதுதான் என் தொழில். பொய்ப்பல் கட்டுவேன். ரக்பி ஆடுகிறவர்கள் பல் உடையாமலிருக்க வாயில் மாட்டிக்கொள்ளும் கம் ஷீல்டும் செய்வேன். இந்த அச்சு அதற்குத்தான்.

அந்த மூன்று நிமிஷமும் நான் சும்மா இருக்க மாட்டேன். யார் வந்தாலும் ரக்பி பேசுவேன். குறுக்கே பேச அவர்களால் முடியாது என்பதால் எனக்கு வசதி.

இன்றைக்கும் பேசினேன். போன சனிக்கிழமை மெட்ச். முடிய ஒரு நிமிஷம் இருக்கும்போது நாங்கள் நான்கு புள்ளி பின்னால். பந்து நிரஞ்சன் கைக்கு வந்தது. மூன்று பேர் மேலே தொங்க, அவர்களையும் இழுத்துக்கொண்டே போய் கோட்டுக்கு அப்பால் பந்தோடு விழுந்து ட்ரை போட்டான். ஐந்து புள்ளி, ஜெயித்துவிட்டோம். நான் ஓவென்று அழுதுவிட்டேன்.

நிரஞ்சன் சுகிர்தாவின் புருஷன், எனக்கு மச்சான்.

பெரிய பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஆடும் ஆட்டம் அது. ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்த ஒருவன் அதில் இலங்கை அணி வரைக்கும் போனான் என்றால் சும்மாவா? அன்றைக்கு மெட்ச் பார்க்கத் தோட்டத்திலிருந்து லொறி பிடித்து இறங்கி வந்த சனம் அவனைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை. மார்க்கெட்டில் முன்பின் தெரியாதவர்கள்கூட என் கையைப் பிடித்துக் குலுக்குகிறார்கள்.

சுகிர்தா உட்கார்ந்திருந்த கதிரைக்கு எதிரே, சுவரிலுள்ள கண்ணாடித் தட்டில் அவனுடைய அச்சுகள் இருக்கின்றன. ஆறு சீசனுக்கு ஆறு. ஒவ்வொன்றிலும் அவன் பெயரும் வருஷமும் எழுதியிருக்கிறேன். உண்மையில், பல் எதுவும் மாறாவிட்டால் பழைய அச்சிலேயே புது ஷீல்ட் செய்துவிடலாம். இருந்தாலும் வருஷா வருஷம் எடுக்கிறேன். எனக்கு அது ஒரு பூசை மாதிரி.

இத்தனை முட்டி மோதியும் அவனுக்கு ஒரு பல்கூடப் போனதில்லை. வருகிற டாக்டர்மாரிடம் இதைச் சொல்லாமல் நான் விடுவதில்லை.

சுகிர்தாவின் கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது. தட்டு வைத்தால் சிலருக்கு அப்படித்தான் வரும்.

ஷீல்ட் எதற்கு என்று எழுத, பதிவுக் கொப்பியில் ஓர் இடம் உண்டு. 'நெட்போல்' என்று நானே எழுதியிருந்தேன். ஏதாவது எழுதத்தானே வேண்டும். அவள் கடைசியாக நெட்போல் ஆடியது பள்ளிக்கூடத்தில், ஏழாம் ஆண்டு படிக்கும்போது.

விளையாட்டு வேறு, வீடு வேறு என்று கிளப் மனேஜர் சொன்னார். அம்மாவும் அதையேதான் சொன்னாள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். எங்கள் ஊர் வாய் அவன் ஒரு ட்ரை போட்டதும் தானாகவே மூடிக்கொண்டது.

என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஒருநாள் அவனைக் கேட்டுவிடுவது என்றே குண்டசாலையில் அவர்கள் வீட்டுக்கு பஸ் ஏறினேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போது அவனுக்கு போன் வந்தது, இலங்கை அணிக்குத் தெரிவாகிவிட்டான் என்று. ஓடிவந்து என்னை அப்படியே தூக்கிச் சுற்றினான். உள்ளேயிருந்து சுகிர்தா தட்டில் லட்டு கொண்டுவந்தாள். அவள் உதடு வீங்கியிருந்தது.

நான் லட்டைத் தின்றேன். வெட்கங்கெட்ட நாக்கு, அது இனிக்கத்தான் செய்தது.

மூன்று நிமிஷம் முடிந்தது. தட்டை இழுத்தெடுத்து, கொப்பளிக்கத் தண்ணீர் கொடுத்தேன்.

"போன வருஷம் குடுத்தத நீ போடலயா?"

வாயைத் துடைத்துக்கொண்டு கண்ணாடித் தட்டைப் பார்த்தாள்.

"கிரவுண்டுல விசில் ஊதிட்டுத்தானே தொடங்குறாங்க," என்றாள். "வீட்டுல யாருண்ணே ஊதுறா?"

அந்த இடத்தில் ஓர் அண்ணன் கேட்கவேண்டியது எத்தனையோ இருந்தது. என்ன கலர் வேண்டும் என்று கேட்டேன்.

வெளியே தெரியாத கலர் போதும் என்றாள். பிறகு கைக்குட்டையிலிருந்து பொய்ப்பல்லை எடுத்து, கண்ணாடி பார்த்து மாட்டினாள். அது நான் கட்டியது, நிறம் அவ்வளவு பொருத்தம். அதற்குப் பக்கத்தில் இருந்த ஓட்டைதான் புதிது.

வருகிற சனிக்கிழமை டவுன் மண்டபத்தில் நிரஞ்சனுக்குப் பாராட்டு விழா. மனைவியும் மேடையில் நின்று படம் எடுக்க வேண்டுமாம். அதற்குள் இந்தப் பல்லையும் கட்டிவிடுவேன். பார்க்கிற யாருக்கும் தெரியாது.

அவள் போன பிறகு அச்சில் பிளாஸ்டர் கரைத்து ஊற்றினேன். காய்ந்ததும் எடுத்து ஓரம் தேய்த்தேன். கண்ணாடித் தட்டில் இடமிருந்தது. நான் மேசையின் அடி லாச்சியைத் திறந்தேன்.

அங்கே முன்பே இரண்டு அச்சுகள் இருக்கின்றன. முதல் வருஷத்து அச்சில் பதினாறு பல். போன வருஷத்தில் பதினைந்து. இதில் பதினான்கு.

அவனுக்குப் பழைய அச்சே போதும். இவளுக்குத்தான் ஒவ்வொரு முறையும் புதிதாக எடுக்க வேண்டியிருக்கிறது.

பெயர் எழுதவில்லை. வருஷத்தை மட்டும் எழுதி, மூன்றாவதாக வைத்து மூடினேன்.