மூன்றாவது தலை

"வெள்ளிக்கிழமை வருது மாப்ள. தில்லை நகர் கடையில கேட்டுட்டேன். முதல் லோடுல நம்ம ஊருக்கு வர்றதை விரல் விட்டு எண்ணிடலாமாம்."

ஜாவித் செல்போனை நீட்டினான். புதிய வீடியோ கேம் கன்சோலின் படம். வெள்ளை உடம்பு, ஓரத்தில் மெல்லிய நீலக் கோடு. அரவிந்தன் அதை வாங்கிப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

டி.வி.க்குக் கீழே, பழைய கன்சோல் இருந்த இடத்தில், தூசி படியாத ஒரு சதுரம் மட்டும் மிச்சம். திங்கட்கிழமை அரவிந்தனும் மனைவி பானுப்ரியாவும் வேலை முடிந்து கே.கே. நகர் வீட்டுக்குத் திரும்பியபோது அது காணாமல் போயிருந்தது. வேறு ஒரு பொருள்கூட இடம் மாறவில்லை.

"புதுசுல வர்ற முதல் கேமே 'ஆஷ் டவர்' ரெண்டாம் பாகமாம்" என்றான் ஜாவித். "லோடிங்கே கிடையாதாம். கதவைத் திறந்தா உள்ள நிப்பியாம்."

"முதல் பாகத்தையே முடிக்க விடலையே அந்தப் பாவி" என்றபடி பானுப்ரியா காபியை வைத்தாள். "அண்ணா, இவர் நாலு மாசமா அந்த மூணு தலை அரக்கனோட மல்லுக்கட்டினார். தூக்கத்துல கூட 'மூணாவது தலை, மூணாவது தலை'ன்னு புலம்பல். நான் பயந்தே போயிட்டேன்."

ஜாவித் சிரிக்கவில்லை. குனிந்து காபியை ஊதினான்.

"சரி, போலீஸ்ல சொல்லியாச்சு, தேடட்டும். வெள்ளிக்கிழமைக்குள்ள கிடைக்கலைன்னா புதுசு வாங்கிக்கலாம். கிடைச்சிடுச்சுன்னா பழசே போதும். அப்புறம் புதுசுங்கிற பேச்சே இந்த வீட்ல வரக்கூடாது" என்றாள் கணவனிடம்.

"போலீஸுக்கெல்லாம் போயிருக்க வேணாம் பானு."

"ஏன்? நம்ம பொருளை எவனோ கால் மேல கால் போட்டு உக்காந்து விளையாடுவான், நான் பாத்துட்டு இருக்கணுமா?"

அழைப்பு மணி அடித்தது. சப்-இன்ஸ்பெக்டர் மலர்க்கொடி தொப்பியைக் கழற்றியபடி உள்ளே வந்தார். கதவைப் பார்த்தார், பூட்டைப் பார்த்தார், தூசிச் சதுரத்தைக் குனிந்து பார்த்தார்.

"பூட்டு உடையலை. தெரிஞ்ச ஆள் வேலைதான். சாவி எங்க வைப்பீங்க?"

"பூந்தொட்டிக்கு அடியில மேடம். அது எங்களை விட்டா ஜாவித் அண்ணாவுக்கு மட்டும்தான்..." பானுப்ரியா பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

மலர்க்கொடி ஜாவித்தை ஒரு தடவை பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"கன்சோலை யார் பேர்ல பதிவு பண்ணியிருக்கீங்க?"

"என் பேர்லதான். வாங்கும்போது என் நம்பரைத்தான் குடுத்தோம்."

அவர் பானுப்ரியாவின் போனை வாங்கி, கன்சோலுக்கான ஆப்பை ஏற்றி, வந்த ஓ.டி.பி.யைப் போட்டார். திரையைக் கொஞ்சம் தள்ளிப் பார்த்தார். புருவம் உயர்ந்தது.

"திருடன் தைரியசாலி. நேத்து மத்தியானம் விளையாடியிருக்கான். ஒரு டிராஃபி வேற ஜெயிச்சிருக்கான்." சட்டென்று அவர் குரல் மாறியது. "மூணு தலை அரக்கன் செத்துட்டானா?"

"உங்களுக்கு எப்படி மேடம் தெரியும்?" என்றான் ஜாவித்.

"நானும் ஆடுறவதாங்க. ஆறு மாசமா ரெண்டாவது தலையிலேயே நிக்கிறேன்."

டிராஃபி கிடைக்கும் நேரத்தை அந்தக் கன்சோலே வீடியோவாக எடுத்து ஆப்பில் ஏற்றிவிடும். மலர்க்கொடி அதை ஓடவிட்டார். கையில் கேடயமே இல்லாத ஒரு வீரன். நெருப்புக்கு அடியில் உருண்டான், அரக்கனின் முதுகில் ஏறினான், ஒரே வீச்சு. மூன்றாவது தலை உருண்டது.

அவர் இன்னொரு முறை ஓடவிட்டார்.

"கேடயம் இல்லாம! இவன் திருடன் இல்லைங்க, கலைஞன்." பெருமூச்சு விட்டவர் ஜாவித் பக்கம் திரும்பினார். "உங்க வீடு எங்க?"

"மன்னார்புரம்."

"நேத்து மத்தியானம் வீட்லயா?"

"ஆமா..."

"நான் ஆளோட வந்து பாக்கட்டுமா, இல்ல நீங்களே சொல்லிடுறீங்களா?"

ஜாவித் அரவிந்தனைப் பார்த்தான். அரவிந்தன் தரையைப் பார்த்தான்.

"எங்க வீட்லதான் இருக்கு மேடம். நான்தான் எடுத்துட்டுப் போனேன். ஆசையை அடக்க முடியலை."

"அண்ணா, நீங்களா!" பானுப்ரியா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "கேட்டிருந்தா நானே பையில போட்டுக் குடுத்திருப்பேனே!" கொஞ்ச நேரம் அவனையே பார்த்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கேஸ் எல்லாம் வேணாம் மேடம். பொருள் வந்தா போதும். புதுசு வாங்குற செலவு மிச்சம்."

அரவிந்தனின் முகம் கறுத்துப்போனது. கூடப் பழகியவன் செய்த துரோகம் யாருக்குத்தான் வலிக்காது?

மலர்க்கொடி தொப்பியை மாட்டிக்கொண்டார். ஜாவித்தை மிரட்டத்தான் போகிறார் என்று தோன்றியது. ஆனால் கையை நீட்டினார்.

"பொருளை இன்னைக்கே குடுத்துடுங்க. அப்புறம், ஒரு ஞாயித்துக்கிழமை அந்த உருளல் எப்படின்னு எனக்குச் சொல்லித்தாங்க சார்."

'சார்' என்றதும் ஜாவித்துக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அதெல்லாம் பெரிய விஷயமே இல்ல மேடம். தானா கைக்கு வந்துடும்."

"பாத்துக்குங்க" என்றாள் பானுப்ரியா, கணவனின் தோளை இடித்து. "அண்ணன் ஒரே மத்தியானத்துல முடிச்சிருக்கார். நீங்களும்தான் ஆடினீங்க, நாலு மாசமா!"

அரவிந்தன் உதட்டைக் கடித்துக்கொண்டான். ஜாவித்தும் மலர்க்கொடியும் கை குலுக்குவதைப் பார்த்தான். அந்தக் கைகள் விலகுவதாக இல்லை.

"மேடம், இவனுக்கு முதல் தலையையே வெட்டத் தெரியாது, கன்சோலைத் தூக்கிட்டுப் போய் இவன் வீட்ல ஒளிச்சு வெச்சதும் நான், நேத்து ஆபீஸுக்கு லீவு போட்டுட்டு அங்க உக்காந்து மூணாவது தலையை வெட்டினதும் நான்!"