இரவல் கண்கள்

ஸ்டுடியோவின் கண்ணாடிக் கதவு வழியாக மத்தியான வெயில் கம்ப்யூட்டர் திரையில் விழுகிறது. அவள் கையைக் குவித்து மறைத்துப் பார்க்கிறாள். இறந்து ஒன்பது நாளான கணவர் திரையில் இருக்கிறார். கிடைத்த ஒரே நல்ல படத்திலும் அவர் கண்ணை மூடிவிட்டிருந்ததால், போட்டோக்காரர் கொழுந்தனுடைய கண்களை வெட்டி அந்த முகத்தில் ஒட்டியிருக்கிறார். "அண்ணன் உசுரோட உட்கார்ந்திருக்கிற மாதிரியே இருக்கு அண்ணி" என்று கொழுந்தன் மூக்கை உறிஞ்சுகிறான். அவள் நாற்காலியோடு இடப்பக்கம் நகர்கிறாள். கண்கள் கூடவே வருகின்றன. வலப்பக்கம் வந்தாலும் விடவில்லை. ஒன்பது நாளாக அவளுக்குப் பொட்டுத் தூக்கமில்லை. இனிக் கூடத்துச் சுவரிலிருந்து இதுவும் விழித்துக்கொண்டே இருக்கும். "உங்க அண்ணன் என்னை இப்படி முழிச்சுப் பார்த்ததே இல்ல தம்பி. ராத்திரியெல்லாம் பஸ் ஓட்டிட்டு வருவார். நான் வாயைத் திறந்தா அவருக்குக் கண்ணு சொருகிடும்." போட்டோக்காரர் தலையைச் சொறிகிறார். "கண்ணு மூடின படத்தை எப்படிம்மா மாட்டுவீங்க? வர்றவங்க பயப்படுவாங்க." "பயந்தா பயந்துட்டுப் போகட்டும். பழையபடி மூடிடுங்க. வீட்டுல ஒருத்தராவது தூங்கட்டும்." மவுஸ் இரண்டு முறை சொடுக்குகிறது. திரையில் இமைகள் மூடிக்கொள்கின்றன. அதையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு நீளமாக ஒரு கொட்டாவி வருகிறது.